உள்ளே பட்ட பந்து ஃபவுல், வெளியே போன பந்து ஃபேர்: பேஸ்பால் அம்பயர் எதைப் பார்த்துச் சொல்கிறார்?

கேள்வியை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நியூ ஜெர்சியில் இருக்கும் ஒரு அப்பா கேட்டிருக்கிறார். பத்து வயது மகன் இந்த வசந்த காலத்தில் பேஸ்பால் ஆடத் தொடங்கியிருக்கிறான். அவருக்குக் கிரிக்கெட் அத்துபடி, பேஸ்பால் புதிது. ஒரே ஆட்டத்தில் இரண்டு பந்துகள் அவரைக் குழப்பிவிட்டன. முதல் பந்து கோட்டுக்கு உள்ளே நன்றாகத் தரையில் பட்டு, பிறகு உருண்டு வெளியே போய் நின்றது. அம்பயர் ஃபவுல் என்று கத்தினார். இரண்டாவது பந்து மூன்றாவது பேஸை (ஓடுகிறவர் வரிசையாகத் தொட வேண்டிய திண்டுகளில் ஒன்று) தாண்டியதும் கோட்டுக்கு வெளியே புல்லில் ஓடியது; அம்பயர் வாயே திறக்கவில்லை, கையை மட்டும் மைதானத்துக்குள் நீட்டிக் காட்டினார், ஆட்டம் தொடர்ந்தது. "உள்ளே பட்டது ஃபவுல், வெளியே போனது ஃபேர், இது என்ன கணக்கு? ஃபேர் என்று அவர் ஏன் வாய்விட்டுச் சொல்லவில்லை? மூன்றாவது பேஸில் இருக்கும் பையன்களை ஏன் கோட்டுக்கு வெளியே நிற்கச் சொல்கிறார்கள்?"

நான் எட்டு வருடமாக வார இறுதிகளில் சிறுவர் ஆட்டங்களுக்கு அம்பயராக நிற்கிறேன். நானும் கிரிக்கெட் பார்த்து வளர்ந்தவன்தான், அதனால் இந்தக் குழப்பம் எங்கே தொடங்குகிறது என்று தெரியும். அந்த அம்பயர் சொன்ன இரண்டு தீர்ப்பும் சரி.

கிரிக்கெட்டில் மட்டையைச் சுற்றி 360 பாகையும் ஆட்டக்களம். முதுகுக்குப் பின்னால் போனாலும் ஓட்டம் ஓட்டம்தான். பேஸ்பாலில் அப்படி இல்லை. பேட்டர் நின்று ஆடும் இடத்தில் தரையில் பதித்திருக்கும் பலகைதான் ஹோம் பிளேட். அதன் பின்முனையிலிருந்து இரண்டு வெள்ளைக் கோடுகள் விசிறி விரிந்த மாதிரி கிளம்புகின்றன. ஒன்று முதல் பேஸை ஒட்டியும் இன்னொன்று மூன்றாவது பேஸை ஒட்டியும் வேலி வரைக்கும் போகும். நடுவில் இருக்கும் 90 பாகை மட்டும்தான் அடித்த பந்து செல்லுபடியாகும் ஃபேர் நிலம். கோட்டுக்கு வெளியே இருக்கும் இடத்திலும் ஃபீல்டர் ஓடலாம், கேட்ச் பிடிக்கலாம். ஆனால் அங்கே விழுந்த பந்தால் பேட்டருக்கு ஒரு பேஸும் கிடைக்காது. ஃபவுல் என்றால் ஆட்டம் அந்த இடத்திலேயே நின்றுவிடும், ஓடியவர்கள் எல்லாம் பழைய பேஸுக்குத் திரும்ப வேண்டும், பேட்டர் கணக்கில் ஒரு ஸ்ட்ரைக் ஏறும் (மூன்று சேர்ந்தால் அவுட்). ஏற்கனவே இரண்டு ஸ்ட்ரைக் இருந்தால் மட்டும் ஏறாது. அதிலும் பந்தை மெல்லத் தட்டிவிடும் பன்ட் ஆடி அது ஃபவுல் ஆனால் மூன்றாவது ஸ்ட்ரைக்காகவே எடுத்துக்கொள்வார்கள், பேட்டர் அவுட்.

இங்கே முதலில் மனதில் வைக்க வேண்டியது, கோடு ஃபேர் நிலத்தைச் சேர்ந்தது. முதல் பேஸும் மூன்றாவது பேஸும் முழுக்க ஃபேர் நிலத்துக்குள் இருக்கின்றன. ஹோம் பிளேட்டும் அப்படியே. பந்து பிளேட்டில் பட்டால் ஃபவுல் என்று பல அப்பாக்கள் அடித்துச் சொல்வார்கள், அது தவறு. பிளேட்டில் பட்ட பந்தை மற்ற நிலத்தில் பட்ட பந்து மாதிரியேதான் பார்க்க வேண்டும். வேலியோரம் கோடு முடியும் இடத்தில் உயரமாக நிற்கும் கம்பத்துக்கு ஃபவுல் போல் என்று பெயர், ஆனால் அதுவும் ஃபேர்தான். பறந்து வரும் பந்து அதில் பட்டால் ஹோம் ரன், கிரிக்கெட் சிக்ஸர் மாதிரி. அமெரிக்காவின் பெரிய தொழில்முறை லீக்கான மேஜர் லீக்கின் இறுதிப் போட்டிதான் உலகத் தொடர். 1975 உலகத் தொடரின் ஆறாவது ஆட்டத்தில், பாஸ்டனின் ஃபென்வே பார்க்கில், நள்ளிரவு தாண்டி 12வது இன்னிங்ஸில் கார்ல்டன் ஃபிஸ்க் அடித்த பந்து இடது பக்கக் கம்பத்தில் பட்டதால்தான் ரெட் சாக்ஸ் ஜெயித்தது. முதல் பேஸ் பக்கம் துள்ளித் துள்ளிப் போய்க்கொண்டே, இரண்டு கையாலும் பந்தை உள்ளே உள்ளே என்று தள்ளுவது போல அவர் சைகை செய்த காட்சியை இன்றும் தொலைக்காட்சியில் காட்டுகிறார்கள். 2005ல் அந்தக் கம்பத்துக்கு அவர் பெயரையே வைத்துவிட்டார்கள்.

சரி, கணக்குக்கு வருவோம். டென்னிஸில் ஒரே கேள்விதான்: பந்து முதலில் எங்கே பட்டது? கிரிக்கெட் பவுண்டரியிலும் ஒரே கேள்விதான்: கயிற்றைத் தொட்டதா? பேஸ்பாலில் கோட்டின் நீளத்துக்கு ஏற்பக் கேள்வியே மாறுகிறது. இது பிடிபட்டால் பாதிச் சிக்கல் தீர்ந்தது.

ஹோம் பிளேட்டிலிருந்து பேஸ் வரைக்கும் உள்ள பகுதியில், பந்து எங்கே பட்டது என்பதை யாரும் கேட்பதில்லை. அது எங்கே நின்றது, அல்லது யாராவது தொட்டபோது எங்கே இருந்தது, இதுதான் கேள்வி. உள்ளே பட்டு வெளியே உருண்டு நின்றால் ஃபவுல். வெளியே பட்டு, சுழற்சியால் உள்ளே திரும்பி வந்து நின்றால் ஃபேர். உங்கள் மகன் ஆட்டத்தில் வந்த முதல் பந்து இந்த வகை. முடிவு வரும் வரைக்கும் அந்தப் பந்து ஃபேரும் இல்லை, ஃபவுலும் இல்லை. அதனால்தான் பெரிய ஆட்டங்களில் கோட்டை ஒட்டி ஒரு பன்ட் உருளும்போது மூன்று ஃபீல்டர்கள் சுற்றி நின்று, தொடாமல், குனிந்து பார்த்துக்கொண்டே நடப்பார்கள். வெளியே போகும் என்று தோன்றினால் விட்டுவிடுவார்கள். வெளியே போன அடுத்த கணமே லபக்கென்று எடுத்துவிடுவார்கள், திரும்பி உள்ளே வந்துவிடக் கூடாதே.

பேஸில் கேள்வி மாறுகிறது. துள்ளியோ உருண்டோ வரும் பந்து பேஸைக் கடக்கும் அந்தக் கணத்தில் ஃபேர் நிலத்தின் மேல் இருந்ததா? இருந்தால் ஃபேர், அதற்கப்புறம் அது எங்கே போனாலும் கவலை இல்லை. பேஸின் மேலாகத் துள்ளிக் கடந்து, அடுத்த துள்ளலில் கோட்டுக்கு வெளியே விழுந்து, பார்வையாளர் பக்கம் ஓடினாலும் ஃபேர்தான். உங்களைக் குழப்பிய இரண்டாவது பந்து இதுதான். பேஸிலேயே பட்டுவிட்டால் விவாதமே இல்லை, ஃபேர்.

பேஸைத் தாண்டிய பகுதியில், பந்து தரையில் படாமல் பறந்து வந்தால், முதலில் விழுந்த இடம் மட்டும்தான் கணக்கு. ஃபேர் நிலத்தில் விழுந்து வெளியே ஓடினாலும் ஃபேர், வெளியே விழுந்து உள்ளே வந்தாலும் ஃபவுல். இங்கே ஒரு நுணுக்கம் இருக்கிறது, ரொம்ப நாள் ஆட்டம் பார்த்தவர்களே தடுமாறுவார்கள். பேஸின் நேர் மேலே பறந்து கடந்த ஒரு பந்து, வளைந்து போய், கோட்டுக்கு வெளியே முதல்முறையாகத் தரையில் விழுகிறது. பேஸைக் கடக்கும்போது உள்ளேதானே இருந்தது என்று பயிற்சியாளர் ஓடி வருவார். அந்தக் கேள்வி, வழியில் தரையில் பட்டு வரும் பந்துக்கு மட்டும் உரியது. பறந்தே வந்த பந்துக்கு அது பொருந்தாது. அது ஃபவுல்.

ஃபீல்டர் தொட்டால்? அவர் கால் எங்கே இருக்கிறது என்று பார்க்கவே கூடாது. பந்து அந்தக் கணத்தில் எந்த நிலத்தின் மேல் இருந்தது என்பதை மட்டும் பார்க்க வேண்டும். ஃபீல்டர் கோட்டுக்கு வெளியே ஓடிவந்து, கையை உள்ளே நீட்டி, பந்து கையுறையில் பட்டு நழுவி வெளியே விழுந்தால், அது ஃபேர். கிரிக்கெட்டில் எல்லைக் கயிற்றுக்கருகில் ஃபீல்டரின் காலையே பார்த்துப் பழகிய கண்ணுக்கு இது கஷ்டமாக இருக்கும். எனக்கு முதல் வருடம் முழுவதும் கஷ்டமாக இருந்தது.

அப்புறம், விதிப்புத்தகத்தில் இருக்கும் ஒரு விசித்திரத்தையும் சொல்லிவிடுகிறேன். பந்தை எறியும் பிட்சர் காலூன்றும் ரப்பர் பலகை மைதானத்தின் நடுவே இருக்கிறது. அடித்த பந்து அதில் பட்டு, எந்த ஃபீல்டர் மேலும் படாமல், பின்னோக்கித் தெறித்து, ஹோம் பிளேட்டுக்கும் முதல் பேஸுக்கும் நடுவில் கோட்டைத் தாண்டி வெளியே போய் நின்றால், அது ஃபவுல். மைதானத்தின் நட்டநடுவில் பட்ட பந்து ஃபவுல்! நடப்பது அபூர்வம். ஆனால் மேலே சொன்ன முதல் கேள்வியை அப்படியே போட்டுப் பாருங்கள்: பேஸுக்கு முன்னால், எங்கே நின்றது? விடை தானாக வரும்.

முதல் பகுதிக்கு மட்டும் ஏன் "நிற்கும் வரை பொறு" என்ற விதி? இதற்குப் பின்னால் ஒரு மனிதர் இருக்கிறார். 1870களில் பந்து முதலில் பட்ட இடம்தான் எல்லாம். ஃபேர் நிலத்தில் ஒரு தட்டுப் பட்டால் போதும், அப்புறம் வெளியே எவ்வளவு தூரம் ஓடினாலும் ஃபேர். ராஸ் பார்ன்ஸ் இதைக் கலையாகவே ஆக்கிவிட்டார். ஹோம் பிளேட்டுக்கு முன்னால் பந்தைத் தரையில் அறைவார்; அது உள்ளே ஒரு தடவை பட்டுவிட்டுச் சுழன்று, ஆளில்லாத வெளிப்பக்கத்தில் ஓடும்; ஃபீல்டர் துரத்திப் பிடிப்பதற்குள் அவர் பேஸில் இருப்பார். நேஷனல் லீக் தொடங்கிய 1876ல், சிகாகோ அணிக்கு ஆடிய அவருடைய பேட்டிங் சராசரி .429, அதாவது ஆயிரம் முறை ஆடினால் 429 முறை அடித்து பேஸை எட்டும் கணக்கு. அடுத்த வருடமே விதியை மாற்றினார்கள்: பேஸைத் தாண்டும் வரை பந்து உள்ளே இருக்க வேண்டும். 1877ல் பார்ன்ஸின் சராசரி .272க்கு இறங்கியது. விதி மாறியதால்தான் அவர் விழுந்தார் என்று நிறையப் பேர் எழுதுவார்கள். அந்த வருடம் அவர் கடுமையாக நோய்வாய்ப்பட்டுப் பெரும்பாலான ஆட்டங்களில் இறங்கவே இல்லை என்பதையும் சேர்த்துச் சொல்வதுதான் அவருக்கு நியாயம்.

விதி மாறிய பிறகும் அந்தக் கோட்டோர நிலத்தின் மேல் எல்லோருக்கும் ஒரு கண். 1950களில் ஃபிலடெல்ஃபியாவில் ரிச்சி ஆஷ்பர்ன் என்ற வேகமான ஆட்டக்காரர் இருந்தார், பன்ட் ஆடுவதில் கெட்டிக்காரர். அவர் பன்ட் வெளியே உருண்டுவிடாமல் இருக்க, மைதானப் பணியாளர்கள் மூன்றாவது பேஸ் கோட்டோரம் மண்ணைக் கொஞ்சம் மேடாக்கி வைத்தார்கள். ஆஷ்பர்ன் மேடு என்றே அதற்குப் பெயர் வந்தது. ஒரு அங்குல மண் தீர்ப்பை மாற்றிவிடும் என்பது அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது.

இனி உங்கள் இரண்டாவது கேள்வி. ஃபேர் என்று ஏன் வாய்விட்டுச் சொல்வதில்லை?

எளிய காரணம், இரண்டு சொல்லும் ஃப என்றே தொடங்குகின்றன. பெற்றோர் கூச்சலுக்கு நடுவே ஓடிக்கொண்டிருக்கும் பையன் காதில் முதல் எழுத்துதான் விழும், நின்றுவிடுவான். அதனால் ஃபேர் என்றால் கையை உள்ளே நீட்டிக் காட்டுவதோடு சரி, சத்தம் கிடையாது. ஃபவுல் என்றால் இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கி, மைதானம் முழுக்கக் கேட்கும்படி ஒரு சத்தம்.

ஆழமான காரணம் வேறு. ஃபேர் என்று விட்டுவிட்ட தவறை அப்புறம் சரிசெய்ய வழி உண்டு. ஆட்டம் முடிவு வரைக்கும் ஓடியிருக்கும். அது ஃபவுல்தான் என்று தெரிந்தால் எல்லோரையும் திருப்பி அனுப்பிவிட்டு மறுபடி பந்து போடச் சொன்னால் போதும். ஃபவுல் என்ற சத்தம் போட்டுவிட்டால் அந்தக் கணமே எல்லோரும் நின்றுவிடுவார்கள். ஓடுகிறவன் நிற்பான், ஃபீல்டர் பந்தைக் கண்டுகொள்ள மாட்டார். ஒருவேளை அது ஃபேராக இருந்திருந்தால், பேட்டர் இரண்டாவது பேஸ் வரை போயிருப்பானா, மூன்றாவது வரையா, நடுவில் அவுட் ஆகியிருப்பானா? நடக்காத ஆட்டத்துக்கு யார் விடை சொல்வது? ஒரு அம்பயர் வாயிலிருந்து வரும் சொற்களில் திரும்பப் பெறவே முடியாதது இதுதான் என்று நான் நினைக்கிறேன். ஸ்ட்ரைக் தப்பானால் ஒரு பந்து வீண். அவசரப்பட்ட ஃபவுல் ஒரு ஆட்டத்தையே அழித்துவிடும்.

இதை நான் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. அம்பயராக நிற்கத் தொடங்கிய முதல் வருடம், மே மாதம், சனிக்கிழமை மாலை. பதினோரு வயதுப் பையன்கள். நான் ஹோம் பிளேட்டுக்குப் பின்னால். கடைசி இன்னிங்ஸ், ஒரு ஓட்டம் வித்தியாசம், மூன்றாவது பேஸில் ஒருவன். பேட்டர் மட்டையின் நுனியில் பட்டு, பந்து முதல் பேஸ் கோட்டோரம் மெல்ல உருண்டது. காலையில் பெய்த மழையில் கோட்டின் சுண்ணாம்பு அங்கங்கே கரைந்து, மண்ணில் குழந்தைகளின் ஷூ தடங்கள் காய்ந்து மேடும் பள்ளமுமாக இருந்தன. பந்து கோட்டைத் தாண்டி வெளியே நாலு விரற்கடை போனது. எனக்குச் சந்தேகமே இல்லை. ஃபவுல் என்று கத்திவிட்டேன், கையும் மேலே போய்விட்டது. முதல் பேஸ்காரன் குனியப் போனவன் நிமிர்ந்து நின்றான். பேட்டர் பாதியில் நின்றான். பந்து மட்டும் நிற்கவில்லை. ஒரு ஷூ தடத்தின் விளிம்பில் தட்டி, சாவகாசமாகத் திரும்பி, கோட்டுக்குள் வந்து, சுண்ணாம்பின் மேலேயே நின்றது. யாரும் தொடவில்லை.

மைதானம் முழுக்க அமைதி. மூன்றாவது பேஸிலிருந்து கிளம்பிய பையன் என் பக்கத்தில், பிளேட்டின் மேலேயே நின்றிருந்தான். சமன் செய்யும் ஓட்டம். "உள்ளேதானே இருக்கு?" என்று கேட்டான். உள்ளேதான் இருந்தது. ஆனால் நான் சொன்ன சொல்லால் ஆட்டம் ஏற்கனவே செத்துவிட்டது. அவனைத் திருப்பி மூன்றாவது பேஸுக்கு அனுப்பினேன். அடுத்த பந்தில் பேட்டர் அவுட், ஆட்டம் முடிந்தது. அந்தப் பையன் முகம் எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது.

எல்லோரும் போன பிறகு, என்னோடு நின்ற மூத்த அம்பயர், அப்போதே எழுபது வயதுக்காரர், ஒரு பந்தை எடுத்துக்கொண்டு வந்தார். திட்டவில்லை. என்னைக் கோட்டின் மேல் காலை விரித்து நிற்கச் சொல்லிவிட்டு, கோட்டோரமாகப் பந்தைக் கையால் உருட்டினார். ஒன்று, இரண்டு, இருபது தடவை இருக்கும். பந்து நிற்கும் வரை, அல்லது அவர் கை தொடும் வரை, வாயைத் திறக்கக் கூடாது. இருபதில் மூன்றோ நாலோ வெளியே போய்விட்டுத் திரும்பி உள்ளே வந்தன. இப்போதும் ஒவ்வொரு ஆட்டத்துக்கும் கால் மணி நேரம் முன்னால் போய், இரண்டு கோட்டோரமும் நடந்து, ஒரு பந்தை உருட்டி, மண் எந்தப் பக்கம் சரிகிறது என்று பார்த்துவிட்டுத்தான் முகமூடியை மாட்டுகிறேன்.

உருளும் பந்தோடு பெரியவர்களும் மல்லுக்கட்டியிருக்கிறார்கள். 1981 மே 27, சியாட்டிலின் கிங்டோம் உள்ளரங்கம். கேன்சஸ் சிட்டியின் ஏமஸ் ஓடிஸ் அடித்த பந்து மூன்றாவது பேஸ் கோட்டோரம் மெதுவாக உருண்டது. சியாட்டிலின் மூன்றாவது பேஸ்காரர் லென்னி ராண்டில் மண்டியிட்டு, முகத்தைத் தரையோடு வைத்து, பந்தை வாயால் ஊதினார். பந்தும் வெளியே போய்விட்டது. கையால் தொடவில்லையே! அம்பயர் லேரி மெக்காய் முதலில் ஃபவுல் என்றார். கேன்சஸ் சிட்டி மேலாளர் வந்து வாதாடிய பிறகு, பந்தின் போக்கை ஃபீல்டர் மாற்றிவிட்டார் என்று முடிவு செய்து, ஓடிஸுக்கு முதல் பேஸ் கொடுத்தார்கள். எனக்கு அந்தத் தீர்ப்பு சரி என்றே படுகிறது. பந்து தானாக எங்கே போய் நிற்கும் என்பதற்காகத்தானே எல்லோரும் காத்திருக்கிறோம்.

பறக்கும் பந்தில் வரும் தவறு வேறு மாதிரி. 2009 அக்டோபர் 9, யாங்கீ ஸ்டேடியம், அமெரிக்கன் லீக் பிளேஆஃப் (பருவ முடிவில் பட்டத்துக்காக நடக்கும் சுற்று), யாங்கீஸும் மினசோட்டா ட்வின்ஸும். 11வது இன்னிங்ஸ், ஆட்டம் சமன். ஜோ மௌவர் இடது பக்கக் கோட்டோரம் உயரமாக ஒரு பந்து அடித்தார். மெல்கி கப்ரேரா ஓடி வந்து கையை நீட்டினார். பந்து கையுறையில் உரசி, கோட்டுக்கு உள்ளே தரையில் விழுந்து, துள்ளிப் பார்வையாளர் பகுதிக்குள் போனது. கையுறையில் பட்டபோதும் ஃபேர், விழுந்ததும் ஃபேர் நிலம். மௌவருக்கு இரண்டாவது பேஸ் கிடைத்திருக்க வேண்டும். கோட்டோரம் சில அடி தூரத்திலேயே நின்ற அம்பயர் ஃபில் குஸ்ஸி ஃபவுல் என்றார். அதே பேட்டிங் வாய்ப்பில் மௌவர் மறுபடி ஒரு சிங்கிள், அதாவது முதல் பேஸ் வரை மட்டும் எட்டும் அடி, அடித்தார். பின்னால் வந்த இருவரும் சிங்கிள் அடித்தார்கள். ஆக அவர் இரண்டாவது பேஸில் இருந்திருந்தால் ஒரு ஓட்டமாவது வந்திருக்கும் என்று சொல்ல நிறைய இடம் இருக்கிறது. நடந்தது என்ன? பேஸ்கள் நிரம்பியும் ட்வின்ஸுக்கு ஓட்டம் வரவில்லை. அடுத்த பாதியில் மார்க் டெஷேரா ஹோம் ரன் அடித்தார், யாங்கீஸ் 4-3. தீர்ப்பு தவறு என்று அம்பயர் குழுவின் தலைவர் டிம் சிடா அன்றிரவே ஒத்துக்கொண்டார்.

இத்தனை பக்கத்தில் நின்றவருக்கு எப்படித் தவறும் என்று அப்போது எல்லோரும் கேட்டார்கள். எனக்கு அதில் அவ்வளவு ஆச்சரியம் இல்லை. சாதாரண ஆட்டத்தில் நான்கு அம்பயர்கள்தான். பிளேஆஃபில் மட்டும் இடது, வலது கோட்டோரத்தில் இரண்டு பேரைக் கூடுதலாக நிறுத்துவார்கள். வருடம் முழுக்க பேஸ் அருகே நின்று பழகிய கண், அன்றைக்கு மட்டும் புல்வெளியில், புதுக் கோணத்தில். மேலே பந்து, எதிரே ஓடி வரும் ஃபீல்டர், கீழே கோடு, மூன்றையும் ஒரே நேரத்தில் பார்க்க வேண்டும், அதுவும் பின்வாங்கி நகர்ந்துகொண்டே. நகரும் தலைக்குள் கண்ணும் நகர்கிறது. பக்கத்தில் இருப்பதைவிட அசையாமல் இருப்பது முக்கியம் என்பது அம்பயராக நின்று பார்த்தால்தான் தெரியும். மணிக்கு 100 மைல் வேகத்தில் அடித்த பந்துக்கு 90 அடி தூரத்தில் இருக்கும் மூன்றாவது பேஸைக் கடக்க 0.6 நொடி போதும். அந்த நேரத்துக்குள் அம்பயர் பந்தின் வழியிலிருந்து தன் உடம்பையும் விலக்க வேண்டும், பார்வையைக் கோட்டின் மேலேயே வைத்திருக்கவும் வேண்டும்.

வீடியோவைப் பார்த்துத் திருத்தியிருக்கலாமே? அன்றைக்கு முடியாது. மேஜர் லீக் வீடியோ மறுபரிசீலனையை 2008 ஆகஸ்ட் இறுதியில்தான் கொண்டுவந்தது, அதுவும் ஹோம் ரன் சம்பந்தப்பட்ட தீர்ப்புகளுக்கு மட்டும். முதன்முதலில் அதைப் பயன்படுத்தியதே ஒரு ஃபேர், ஃபவுல் கேள்விக்குத்தான். 2008 செப்டம்பர் 3, டாம்பா பே மைதானத்தில் அலெக்ஸ் ரோட்ரிகஸ் அடித்த பந்து இடது பக்கக் கம்பத்தைவிட உயரமாகப் போனது. கம்பத்துக்கு மேலே போன பந்துக்கு, கம்பம் இன்னும் மேலே நீண்டிருப்பதாகக் கற்பனை செய்துதான் அம்பயர் சொல்ல வேண்டும். ஃபேர் என்று சொன்னார்கள், வீடியோ பார்த்தார்கள், தீர்ப்பு நின்றது. மௌவருடைய பந்து ஹோம் ரன் இல்லை, எனவே வீடியோவுக்கு அங்கே இடமே இல்லை. 2014ல் மறுபரிசீலனையை விரிவாக்கியபோதுதான் அந்த மாதிரிப் பந்துகளும் உள்ளே வந்தன. இப்போது மேலாளர் சவால் விடலாம், நியூயார்க்கில் இருக்கும் மையத்தில் பார்த்துச் சொல்வார்கள்.

ஆனால் பாருங்கள், இப்போதும் பேஸ் அம்பயர் நிற்கும் இடத்தைத் தாண்டி விழும் பந்துகளுக்கு மட்டும்தான் இந்த வசதி. அவருக்கு முன்னால் பட்ட பந்துக்கு, அதாவது கோட்டோரம் உருளும் பந்துக்கும் பேஸைத் துள்ளிக் கடக்கும் பந்துக்கும், இன்றைக்கும் அம்பயர் சொன்னதே முடிவு. காரணம் முன்னால் சொன்னதுதான்: அங்கே ஃபவுல் என்ற சத்தம் கேட்டதும் சுற்றி நிற்கும் எல்லோரும் நின்றுவிடுகிறார்கள், அப்புறம் எந்த கேமரா வந்தும் மீதி ஆட்டத்தைக் காட்ட முடியாது. எனக்கு இந்த வரம்பு வருத்தம்தான், ஆனால் இதைவிட நல்ல வழி எதுவும் எனக்குத் தோன்றவில்லை.

ஹோம் ரன் பற்றிப் பேசும்போது இதையும் சொல்ல வேண்டும். வேலியைத் தாண்டும் பந்துக்கு, வேலியைக் கடந்த கணத்தில் அது கம்பத்துக்கு எந்தப் பக்கம் இருந்தது என்பதுதான் இன்றைய விதி. 1931க்கு முன்பு பெரும்பாலான காலம் அப்படி இல்லை. பந்து அம்பயர் கண்ணிலிருந்து மறையும்போது எங்கே இருந்ததோ, அதுதான் தீர்ப்பு. உள்ளே வேலியைக் கடந்து, பறந்துகொண்டே வெளிப்பக்கம் வளைந்து மறைந்த பந்துகள் எல்லாம் அப்போது ஃபவுல். ஹோம் ரன்களுக்குப் பேர்போன பேப் ரூத் தன் பெரிய வருடங்களில் ஆடியது பெரும்பாலும் அந்த விதியின் கீழ்தான்.

உயரமாக எழும் கேட்ச்சுக்கு வருகிறேன், உங்கள் மகனுக்கு இது உடனே பயன்படும். கோட்டுக்கு வெளியே பறக்கும் பந்தையும் பிடித்தால் பேட்டர் அவுட். அதாவது அந்தப் பந்து இன்னும் உயிரோடுதான் இருக்கிறது. பிடித்த பிறகு பேஸில் இருப்பவர்கள் ஓடவும் செய்யலாம். அதனால் பந்து காற்றில் இருக்கும்போது அம்பயர் ஃபவுல் என்று கத்தக் கூடாது, பிடித்தாரா நழுவவிட்டாரா என்று பார்க்கும் வரை காத்திருக்க வேண்டும். மகன் கேட்சராக, கிரிக்கெட் விக்கெட் கீப்பர் மாதிரி பேட்டருக்குப் பின்னால், நின்றால் ஒன்று சொல்லிக்கொடுங்கள்: பிளேட்டுக்கு மேலே நெட்டுக்குத்தாக எழும்பும் பந்தில் பின்சுழற்சி இருக்கும், இறங்கும்போது அது பிட்சர் பக்கமாக வளையும். மைதானத்துக்கு முதுகைக் காட்டி நின்றால் பந்து அவனை நோக்கி வரும்.

கடைசியாக, மூன்றாவது பேஸில் நிற்கும் பையன். ஓடுகிறவன் மேல் ஃபேர் நிலத்தில் அடித்த பந்து நேராகப் பட்டால் அவன் அவுட். அதே பந்து கோட்டுக்கு வெளியே அவன் மேல் பட்டால் வெறும் ஃபவுல், ஒன்றும் நஷ்டம் இல்லை. அதனால்தான் பிட்சர் பந்தை விடும் நேரத்தில் அவனைக் கோட்டுக்கு வெளியே ஒரு இரண்டடி தள்ளி நின்று, அங்கிருந்தே ஹோம் பிளேட்டை நோக்கி நகரச் சொல்கிறார்கள். பேட்டர் பந்தைத் தொடவில்லை என்றால், பேஸுக்குத் திரும்பி வரும்போது கோட்டுக்கு உள்பக்கமாக வரச் சொல்வார்கள். அப்போது அடித்த பந்து வரும் ஆபத்து இல்லை. கேட்சர் அவனை அவுட் ஆக்க மூன்றாவது பேஸுக்கு எறிய நினைத்தால், எறியும் வழியில் இவன் முதுகு இருக்கும். அடுத்த சனிக்கிழமை கவனித்துப் பாருங்கள், நல்ல பயிற்சியாளர் இருந்தால் பத்து வயதுப் பையன்கள்கூட வெளியே போய், உள்ளே திரும்பி வருவார்கள்.